பொடி எழுத்துப் பாடம்



காசு கொடுத்தால் இன்று பறக்கிற விமானமே அட்டைப் பெட்டியில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. அச்சில் வார்த்த உடம்பு, பூசித் தந்த வண்ணம், ஒட்டித் தந்த முத்திரைகள். இறக்கையைச் சொருகி, பாட்டரியை மாட்டி, அரை மணி நேரத்தில் மைதானத்துக்குக் கிளம்பிவிடலாம். இப்படிப்பட்ட காலத்தில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, மாதக் கணக்கில் மரத்தைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, ரேடியோ கண்ட்ரோலில் பறக்கும் போர் விமான மாடல் ஒன்றைக் கட்டுகிறான் என்றால், "பொழுது போகவில்லையா சார்?" என்று கேட்கத்தான் செய்வார்கள். அவர்களுக்குப் பதிலாகவும், நம் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோளாகவும் இதை எழுதுகிறேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாடல் விமானத்தை வாங்குவதைவிடக் கட்டுவது மேல். அதிலும், கட்டி முடித்தபின் செய்கிற நுணுக்க வேலை இருக்கிறதே, தகடு இணையும் கோடு, ஆணித் தலை, மூடிகள், உடம்பெங்கும் எழுதப்பட்டிருக்கும் பொடி எழுத்துகள், இவை வெறும் அலங்காரம் அல்ல. அந்தப் பொழுதுபோக்கின் உண்மையான படிப்பே அதுதான். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு மிகவும் குறைந்துபோயிருக்கும் படிப்பும் அதுதான்.

எந்த விமானம்?

மாடல் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஸ்பிட்ஃபயர், முஸ்டாங் என்று உலகப் புகழ் பெற்ற விமானங்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வரைபடம் சுலபமாகக் கிடைக்கும், சக்கரம் முதல் கண்ணாடி மூடி வரை கடையில் கிடைக்கும் என்பது காரணம். நான் எடுத்துக்கொண்டது எச்.எஃப்.-24 மாருத். இந்தியாவில் வடிவமைத்து இந்தியாவிலேயே கட்டிய முதல் ஜெட் போர் விமானம். மந்தமாருதம் என்கிறோமே, அதே மாருதம்தான். காற்று என்று பொருள்.

இதன் கதை நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஃபோக்க-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க், போருக்குப் பின் அர்ஜென்டினாவில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டு, 1956ல் இந்தியாவுக்கு வந்தார். பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் அவரும் நம் நாட்டு என்ஜினியர்களும் சேர்ந்து வரைந்ததுதான் மாருத். அந்தத் தொழிற்சாலையை மைசூர் அரசின் துணையோடு 1940ல் தொடங்கியவர் சோலாப்பூரில் பிறந்த வால்சந்த் ஹீராசந்த். நம் புனே ஜில்லாவில் இந்தாப்பூர் பக்கம் இருக்கும் வால்சந்த்நகர் அவர் பெயரில் எழுந்த ஊர்தான். என் போன்ற ரயில்வேக்காரனுக்கு இன்னொரு சந்தோஷமும் உண்டு. அதே பெங்களூர்த் தொழிற்சாலை ரயில் பெட்டிகளும் செய்தது. 1964ல் அந்தப் பிரிவுதான் பெமல் என்ற தனி நிறுவனமாயிற்று. பெட்டியும் விமானமும் ஒரே கூரையின் கீழ்ப் பிறந்த காலம் ஒன்று இருந்தது.

மாருத் பறப்பதற்கு முன்னால் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு மாடல் கட்டினார்கள்! சின்ன மாடல் அல்ல. நிஜ விமானத்தின் அதே நீளம், அதே அகலத்தில், என்ஜின் இல்லாமல், முழுக்க மரத்தால் ஒரு கிளைடர். இரண்டு பேர் உட்காரலாம். 1959ல் அதை ஒரு டக்கோட்டா விமானத்தின் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய், மேலே அவிழ்த்து விட்டு, காற்றில் எப்படி நடந்துகொள்கிறது என்று பரிசோதித்தார்கள். அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு 1961 ஜூனில் முதல் மாருத்தைப் பறக்க விட்டார்கள். ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். மரத்தைச் செதுக்கிப் படிப்பது சிறுபிள்ளை வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாருத் முழு வெற்றி பெற்ற விமானம் அல்ல. ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம் என்ற லட்சியத்தோடு வரைந்தார்கள். அதற்கென நம்பியிருந்த சக்தி வாய்ந்த ஆர்ஃபியஸ் என்ஜினை பிரிட்டனில் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கிடைத்த சிறிய ஆர்ஃபியஸ் என்ஜின்கள் இரண்டை வைத்துப் பறக்க வேண்டியதாயிற்று. நல்ல உடம்பு, போதாத இதயம். என்ஜின் பலத்தைக் கூட்டும் முயற்சியில் சோதனைப் பறப்பின்போது 1970 ஜனவரி 10ல் அதே சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். ஆனாலும் 147 மாருத்கள் கட்டப்பட்டன. 1971 யுத்தத்தில் ராஜஸ்தான் எல்லையில் அவை பறந்தன. ஒரு என்ஜின் அடிபட்ட பிறகும் மற்ற என்ஜினை வைத்துக்கொண்டு தளம் திரும்பிய சம்பவங்கள் உண்டு. 1990ல் கடைசி மாருத் ஓய்வு பெற்றது.

ஜெயித்தவர்களுக்கு மாடல் கட்ட உலகமே இருக்கிறது. பாதி ஜெயித்து, மீதியை அடுத்த தலைமுறைக்குப் பாடமாக விட்டுவிட்டுப் போன இந்த விமானத்தை நாம்தான் கட்ட வேண்டும். கடையில் பெட்டியில் கிடைக்காது என்பதும் எனக்கு ஒரு சௌகரியமாகவே பட்டது. கிடைக்காத பொருளை நேரில் போய்ப் பார்த்துத்தானே தெரிந்துகொள்ள வேண்டும்?

பார்க்கப் போவது

புனேயில் இருக்கும் நமக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். பிரபாத் ரோடு பக்கத்தில் கமலா நேரு பூங்காவில் ஒரு மாருத்தைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மும்பை போகிறவர்கள் வொர்லியில் நேரு அறிவியல் மையத்தில் ஒன்றைப் பார்க்கலாம். பெங்களூரில் ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் இன்னொன்று. வேறு விமானம் வேண்டுமென்றால் நம் கோர்ப்படி பக்கத்துத் தென்பிராந்திய யுத்த நினைவகத்தில் மிக்-23 நிற்கிறது.

பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிற பெற்றோர் அநேகம் பேர் அந்த விமானத்தின் முன் பிள்ளையை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பேல்பூரி சாப்பிடப் போய்விடுகிறார்கள். என் பேரனை நான் அழைத்துப் போனபோது அவனிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தேன். "தாத்தா, போனில் படம் எடுத்துக்கலாமே" என்றான். "எடுத்துக்கோ. ஆனால் வரைந்தால்தான் பார்த்ததாகக் கணக்கு" என்றேன். மூக்குப் பக்கத்தை வரைய ஆரம்பித்த அரை மணி நேரத்தில் அவனே கேட்டான்: "இந்தச் சின்ன மூடி எதுக்கு? இதை மட்டும் ஏன் இத்தனை ஸ்க்ரூ போட்டு வச்சிருக்காங்க?" பன்னிரண்டு வயதுப் பையன் இயந்திரத்தைப் பார்த்து முதல் நல்ல கேள்வியைக் கேட்டுவிட்டான். அடிக்கடி திறக்கிற மூடிக்குச் சட்டென்று திறக்கிற தாழ் இருக்கும். எப்போதோ திறக்கிற மூடிக்கு வரிசையாகத் திருகாணி இருக்கும். ரயில் பெட்டியிலும் அப்படித்தான், வீட்டு மிக்ஸியிலும் அப்படித்தான். இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் கேள்வி-பதிலாகக் கொடுக்க மாட்டார்கள்.

அப்துல் கலாம் அவர்கள் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தபோது, அங்கே நிறுத்தி வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்ததாகத் தம் சுயசரிதையில் சொல்கிறார். ஓடாமல் நிற்கிற பழைய இயந்திரத்துக்கும் ஒரு பையனின் வாழ்க்கையைத் திருப்புகிற சக்தி உண்டு. அவன் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கு

கட்டுமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இது வெறும் உபதேசமாகிவிடும்.

மாருத்தின் இறக்கை 9 மீட்டர், நீளம் 15.87 மீட்டர். எட்டில் ஒரு பங்கு என்று வைத்தால் இறக்கை 1.125 மீட்டர், நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் ஃபிளாட் வரவேற்பறையில் கஷ்டப்பட்டு அடங்கும். உடம்பை இரண்டாகப் பிரித்துக் கழற்றும்படி செய்தால் ஆட்டோவிலும் ஏற்றலாம்.

எட்டில் ஒரு பங்கு என்றால் எல்லாமே எட்டில் ஒரு பங்கா? இல்லை. இதுதான் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய அருமையான கணக்கு. நீளம் எட்டில் ஒன்று. இறக்கைப் பரப்பு அறுபத்து நான்கில் ஒன்று. எடையோ 512ல் ஒன்று. பறக்கத் தயாரான மாருத் சுமார் 9,000 கிலோ. 512ஆல் வகுத்தால் பதினேழரை கிலோ வருகிறது. அத்தனை எடையை இந்தச் சின்ன இறக்கையில் ஏற்றினால், தரையிலிருந்து எழும்பவே பயங்கரமான வேகம் தேவைப்படும். ஆகவே மாடல் கட்டுகிறவன் நான்கு, நாலரை கிலோவுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும். நிஜ விமானத்தில் ஒரு சதுர மீட்டர் இறக்கை 320 கிலோவைத் தாங்கியது. நம் மாடலில் பத்து கிலோதான் தாங்கும். உருவத்தில் அப்படியே இருக்க வேண்டும், எடையில் அப்படியே இருக்கக் கூடாது. ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் பார்க்கும் சிக்கனம் இங்கே கைவந்துவிடுகிறது.

உடம்புக்குக் குறுக்குச் சட்டங்களை மெல்லிய பிளைவுட்டில் அறுத்து, நீளவாட்டில் பால்சாக் குச்சிகளை ஓடவிட்டு, மேலே பால்சாப் பலகையைப் போர்த்துகிறோம். பால்சா தென் அமெரிக்காவில் விளையும் மரம். முருங்கையைவிட லேசு, ஆனால் நார்வாட்டத்தில் நல்ல உறுதி. அதன்மேல் மெல்லிய கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸியில் தோய்த்து ஒட்டித் தேய்த்தால் உலோகத் தகடு போன்ற மேற்பரப்பு கிடைக்கும். விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடி மூடிக்கு, மரத்தில் அச்சு செதுக்கி, காலியான பெரிய பிளாஸ்டிக் பாட்டிலை அதன்மேல் மாட்டிச் சூடான காற்றை ஊதினால், சுருங்கி அப்படியே படிந்துகொள்ளும். வீட்டு அம்மாள் தூக்கிப் போட வைத்திருந்த பாட்டில்தான்!

ஜெட் என்ஜினுக்குப் பதிலாக, குழாய்க்குள் சுழலும் மின்விசிறி. இருபக்கமும் காற்று நுழையும் வாய்கள் மாருத்துக்கு இருப்பதால் அதே வழியாக விசிறிக்குக் காற்று கொடுக்கலாம். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையாதலால் எடை மையத்தைக் குறிப்பதில் கவனம் வேண்டும். இறக்கையின் அடிப்பகுதி அகலத்தை மட்டும் வைத்துக் கணக்கிடக் கூடாது. சாய்வையும் சேர்த்துச் சராசரி அகலத்தைக் கண்டுபிடித்து, அதன் முன்விளிம்பிலிருந்து கால் பங்கில் மையம் வருமாறு பாட்டரியை முன்னே பின்னே நகர்த்திச் சரி செய்கிறோம். வால் கனத்த விமானம் கட்டுக்கு அடங்காது. கட்ட ஆறு மாதம், உடைய ஆறு வினாடி.

முதல் முறை கட்டுகிறவர்களுக்கு ஜெட் வேண்டாம் என்பதே என் யோசனை. வி.எம். காட்கே என்ற மராட்டிய மேதை பெங்களூரில் வடிவமைத்து 1951ல் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானம் இருக்கிறது. நேரான இறக்கை, மூக்கில் காற்றாடி. விமானப்படை வீரர்கள் பலர் அதில்தான் பறக்கப் பழகினார்கள். நாமும் அதில் பழகலாம்.

பொடி எழுத்து

இப்போது நுணுக்க வேலைக்கு வருகிறேன். "நூறு அடி உயரத்தில் பறக்கும்போது ஆணித் தலை யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது? எடைதான் கூடும்" என்பார்கள் சில நண்பர்கள். பறப்பதற்கு அது தேவையில்லை; வாஸ்தவம்தான். ஆனால் அது யாருக்காக என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் வித்தியாசம்.

ஆணித் தலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடல்காரர்கள் ஊசி வழியாக ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக வைத்து அழகாக ரிவெட் வரிசை போடுவார்கள். சில பழைய விமானங்களுக்கு அது சரி. ஆனால் வேகமாகப் பறக்கும் ஜெட் விமானத்தின் மேல்தகட்டில் ரிவெட் தலை மேடாக நிற்காது. காற்றைத் தடுக்கும் என்பதால் தகட்டோடு மட்டமாக அமிழ்த்தியிருப்பார்கள். அங்கே ஃபெவிகால் சொட்டு வைத்தால் அழகாக இருக்கும், பொய்யாகவும் இருக்கும். மெல்லிய பித்தளைக் குழாயின் முனையைக் கூராக்கி, பெயிண்டின்மேல் வைத்து இலேசாகத் திருகினால் ஒரு சின்ன வட்டம் விழும். அதுதான் சரி. எங்கள் ரயில்வேயிலும் இப்படி உண்டு. 1955ல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகள் முழுக்க வெல்டிங்கில் செய்தவை. அந்தப் பெட்டியின் மாடலில் யாராவது ரிவெட் வரிசை போட்டால், அவர் பெட்டியைப் பார்க்கவில்லை என்று ஒரு ஃபிட்டர் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவான்.

வண்ணமும் அப்படியே. நம் விமானப் படையின் வட்ட முத்திரையில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. ஆனால் 1947 முதல் 1950 வரை அது நீலத்தில் அசோக சக்கரமாக இருந்தது. அதற்கும் முன்பு, பர்மா போர்முனையில் பறந்த விமானங்களின் முத்திரையிலிருந்து சிவப்பையே எடுத்துவிட்டார்கள். ஜப்பானியர்களின் சின்னம் சிவப்பு வட்டம், அவசரத்தில் நம்மவரே நம்மவரைச் சுட்டுவிடக் கூடாதே என்று. ஒரு வண்ணத்தைச் சரியாகப் பூச வேண்டும் என்று தேடப் போனால், கையில் ஒரு சரித்திரம் வந்து சேர்கிறது.

இவை எல்லாவற்றையும்விட என் மனதுக்கு நெருக்கமானவை விமானத்தின் உடம்பெங்கும் இருக்கும் பொடி எழுத்துகள். வாலில் இருக்கும் பெரிய எண்ணும் முத்திரையும் தூரத்தில் இருப்பவர்களுக்கு. பொடி எழுத்து யாருக்கு? 'இங்கே ஜாக்கி வை', 'இங்கே கால் வைக்காதே', 'இந்த எண்ணெய் மட்டும் ஊற்று', 'சக்கரத்துக்குக் காற்று இவ்வளவு', 'மின்கசிவுக் கம்பியை இங்கே மாட்டு'. விமானி உட்காரும் இடத்துக்கு வெளியே ஒரு சிவப்பு முக்கோணம். அவசரத்தில் ஆளோடு வெளியே எறியும் இருக்கை உள்ளே இருக்கிறது, ஜாக்கிரதை என்று அர்த்தம். இவற்றில் ஒன்றுகூட எதிரிக்காக எழுதியதல்ல, வேடிக்கை பார்ப்பவனுக்காகவும் எழுதியதல்ல. விடியற்காலையில் எண்ணெய்க் கையோடு விமானத்தின் அடியில் ஊர்ந்து வேலை செய்கிற மெக்கானிக்குக்கு இன்னொரு மெக்கானிக் எழுதி வைத்த கடிதங்கள் அவை.

முப்பத்தாறு வருடம் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் இருந்தவனுக்கு இந்தக் கடிதங்கள் புதிதல்ல. நீங்கள் ரயிலில் போகும்போது எதிர்த் தண்டவாளத்தில் நிற்கும் சரக்கு வேகனைப் பாருங்கள். வெள்ளை எழுத்தில் காலி எடை, ஏற்றக்கூடிய எடை, கடைசியாகப் பெரிய பழுதுபார்ப்பு எந்த ஒர்க்‌ஷாப்பில் எந்தத் தேதியில் நடந்தது, மறுபடி எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்று எழுதியிருக்கும். பயணிகள் பெட்டியின் கடைசிச் சுவரிலும் உண்டு. லட்சக்கணக்கான ஜனங்கள் தினம் அதைக் கடந்து போகிறார்கள், படிப்பவர் இல்லை. ஆனால் அவர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர்வது அந்த எழுத்தால்தான். தேதி தாண்டிய வண்டியை நிறுத்துகிற அதிகாரம் அந்தப் பொடி எழுத்துக்கு உண்டு. அதை நம்பித்தான் நாங்கள் வண்டியை விட்டோம்.

பூங்காக்களில் நிற்கும் விமானங்களுக்கு மறுபடி மறுபடி பெயிண்ட் அடிக்கும்போது முதலில் மறைவது இந்த எழுத்துகள்தான். பெரிய முத்திரையைத் திரும்ப எழுதுவார்கள். பொடி எழுத்தைத் திரும்ப எழுத மாட்டார்கள். விமானிகளின் பெயர் புத்தகத்தில் இருக்கும், மெக்கானிக்கின் பெயர் இருக்காது என்பதுபோலத்தான் இதுவும். பழைய போட்டோக்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அந்த எழுத்துகளை அதே இடத்தில் அதே அளவில் என் மாடலில் எழுதுகிறேன். பறக்கும்போது யாருக்கும் தெரியாது என்பது நிஜம். விமானத்தைப் பறக்க வைத்தவர்களும் யாருக்கும் தெரியாதவர்கள்தானே? அவர்களுக்குச் செய்கிற மரியாதை இது.

மூன்று ஆட்சேபணைகள்

இதைப் படித்துவிட்டு நீங்கள் சொல்லக்கூடிய ஆட்சேபணைகள் எனக்குத் தெரியும்.

முதலாவது, போர் விமானத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா? காந்திஜியைச் சிறை வைத்த ஆகா கான் மாளிகையும், கஸ்தூரிபாவின் சமாதியும் இருக்கிற ஊரில் இந்தக் கேள்வி நியாயமானதே. என் பதில்: சுடுகிற விளையாட்டு கம்ப்யூட்டரில் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. அதில் விமானம் விழுந்தால் பொத்தானை அமுக்கி இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். தன் கையால் விமானி உட்காரும் இடத்தைச் செதுக்கி, இருக்கைப் பட்டையைத் துணியில் வெட்டி ஒட்டிய பையனுக்கு, அங்கே ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான் என்பது தெரியும். சுரஞ்சன் தாஸ் கதையை என் பேரனுக்குச் சொன்ன அன்று அவன் வெகு நேரம் பேசவில்லை. யுத்தத்தை விளையாட்டாக்குவது நுணுக்கம் இல்லாத பொம்மை. நுணுக்கம் அதை விளையாட்டாக இருக்க விடாது.

இரண்டாவது, படிப்பு கெட்டுவிடாதா? இதில் எனக்கு வருத்தமே உண்டு. ஊரை விட்டு வந்த நாம் பிள்ளைகளின் மார்க்கை நம்பித்தான் இங்கே கால் ஊன்றினோம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையால் வேலை செய்வது தோற்றவனுக்கு என்ற எண்ணமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நான் டிப்ளமோ படித்தவன். கல்யாண வீடுகளில், "டிப்ளமோவா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்று பொறியியல் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறிய பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு அரத்தைச் சரியாகப் பிடிப்பார்கள்? ஒரு துளையை நேராகப் போடுவார்கள்? தொழிற்சாலைகள் நிறைந்த புனேயில், பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில் வேலைக்குப் போய் மெஷினுக்கு முன்னால் நிற்கும்போது அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். மார்க்கோடு கையும் வளரட்டும் என்றுதான் கேட்கிறேன்.

மூன்றாவது, செலவும் ஆபத்தும். எச்.டி.-2 போன்ற எளிய மாடலுக்கு, ரேடியோ உட்பட, நடுத்தரமான ஒரு செல்போன் விலைக்குள் முடிக்கலாம். ரேடியோவை அடுத்த மாடலுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆபத்தை அலட்சியம் செய்யக் கூடாது. லித்தியம் பாட்டரியை ஆள் இல்லாமல் சார்ஜ் போடவே கூடாது. சுழலும் விசிறி விரலைப் பதம் பார்க்கும். பறக்க விடும் இடமும் முக்கியம். நம் லோஹகாவ் விமான நிலையம் விமானப் படைத் தளத்துக்குள் இருப்பது. ஊரைச் சுற்றிலும் ராணுவ இடங்கள். 2021 டிரோன் விதிகளின்படி வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து வரைபடம் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து, அனுமதி உள்ள இடத்தில், அனுபவசாலியின் துணையோடுதான் பறக்க விட வேண்டும். விதியைப் படித்து அதன்படி நடப்பதும் பொடி எழுத்துப் பாடத்தில் சேர்ந்ததே.

சங்கத்துக்கு ஒரு யோசனை

கோத்ரூடில் பாவ்சாஹேப் ஜோஷி என்பவர் தன் வாழ்நாள் ஆசையாகச் சேர்த்துக் கட்டிய சின்ன ரயில் அருங்காட்சியகம் 1998ல் திறக்கப்பட்டது. சிக்னல் விழுகிறது, வண்டி நிற்கிறது, இன்னொரு வண்டி வழி விடுகிறது. நம்மில் பலர் குழந்தைகளோடு போய்ப் பார்த்திருப்போம். ஒரு தனி மனிதரின் கைவேலை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை பெரிய பள்ளிக்கூடமாயிற்று! நாமோ ஒரு சங்கமே இருக்கிறோம்.

கோடை விடுமுறையில் நம் சங்கத்தில் திருக்குறள் ஒப்பித்தல் நடக்கிறது, பாட்டு வகுப்பு நடக்கிறது, தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறோம். எல்லாம் வேண்டும். அதோடு ஒரு மூலையில் ஒரு நீள மேஜை போடுங்கள் என்பதே என் வேண்டுகோள். நாலு அரம், ஒரு சின்ன ரம்பம், உப்புத்தாள், அளவுகோல் போதும். கட்கி, தேஹு ரோடு தொழிற்சாலைகளிலும் ரயில்வேயிலும் ராணுவ ஒர்க்‌ஷாப்புகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழ் மேஸ்திரிகளும் ஃபிட்டர்களும் எலெக்ட்ரீஷியன்களும் நம் சங்கத்தில் எத்தனை பேர்! ஆண்டு விழாவில் அவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் விரலில் இருக்கிற வித்தை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களோடு போய்விட்டால் திரும்ப வராது. அவர்களை முன்வரிசைக்கு அழைத்து வந்து அந்த மேஜைக்குத் தலைமை தாங்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளையும் தவறாமல் சேருங்கள். நுணுக்க வேலையில் கோலம் போட்டுப் பழகிய விரலுக்கு ஈடில்லை.

இன்னொரு லாபமும் உண்டு. வகுப்பில் உட்கார்ந்து தமிழ் பேச மறுக்கிற பிள்ளை, "மாமா, இந்தச் சட்டம் சாய்ஞ்சு போச்சு, எப்படி நிமிர்த்தறது?" என்று மேஜையில் தானாகத் தமிழில் கேட்கும். இழைப்புளி, உளி, தூக்குக்குண்டு, மட்டப்பலகை என்கிற சொற்களெல்லாம் பொருளோடு சேர்ந்து அதன் கைக்குப் போகும்.

விருப்பமுள்ள அன்பர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான் பொறுப்பு. பிள்ளைகளை அனுப்பும்போது ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தனுப்புங்கள். முதல் நாள் வகுப்பு கமலா நேரு பூங்காவில்.